உரிமத் துப்பாக்கி திருடுபோனது. காவல் நிலையத்தில் ‘காணவில்லை’ என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்

மேட்டுக்காட்டார் | திங்கள், இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் எட்டு ஏக்கரில் வாழையும் கரும்பும் வைத்திருக்கிறேன். பயிர்ப் பாதுகாப்புக்காக என் தந்தையார் பெயரில் இருந்த 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி, அவர் காலமான பிறகு வாரிசு என்ற முறையில் என் உரிமத்துக்கு வந்தது. அதைக் கொண்டு நான் எந்த உயிரையும் சுட்டதில்லை. பன்றியோ யானையோ இறங்கும் இரவுகளில் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு போடுவதோடு சரி.

கடந்த வியாழனன்று உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டுச் சனிக்கிழமை மாலையில் திரும்பினோம். பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்த்து எடுக்கப்பட்டிருந்தது. உள்ளறை மர அலமாரியின் பூட்டு உடைந்து, துப்பாக்கியும் அதனுடன் இருந்த 14 தோட்டாக்களும் போயிருந்தன. அதே அறையில் இருக்கும் இரும்பு பீரோவில் யாரும் கை வைக்கவில்லை. அதிலிருந்த மனைவியின் நகையும் பதினெட்டாயிரம் ரூபாயும் துப்பாக்கி உரிமப் புத்தகமும் அப்படியே இருந்தன.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். “அவசரப்பட்டு ஸ்டேஷனுக்குப் போகாதே, தெரிந்த பையன்கள் எவனாவது வேட்டைக்கு எடுத்துப் போயிருப்பான், விசாரித்துப் பார்ப்போம்” என்று என் பெரியப்பா மகன் சொன்னதைக் கேட்டு, ஞாயிறு முழுவதும் தோட்டம் தோட்டமாக அலைந்துவிட்டு, இன்று காலையில்தான் காவல் நிலையத்துக்குப் போனேன். உதவி ஆய்வாளர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஏனுங்க, நகை இருக்குது, பணம் இருக்குது, துப்பாக்கி மட்டும் நடந்து போயிருச்சுங்களா? யாருக்குக் கொடுத்தீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார். இரண்டு மணி நேரம் இதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, கடைசியில், வீட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டு செல்லும் வழியில் காணாமல் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தால் ரசீது போட்டுத் தருவதாகச் சொன்னார். நான் எழுதாமல் வந்துவிட்டேன். நாளை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

தறிக்காரர் | திங்கள், இரவு 9.55

அண்ணா, அவர்கள் சொல்வதைப் போலவே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்பதுதான் என் கருத்து. என் மைத்துனர் வாகனப் பதிவுப் புத்தகத்தைத் தொலைத்தபோது காவல்துறை இணையதளத்திலேயே பதிவு செய்து, வீட்டில் இருந்தபடியே சான்று எடுத்துக்கொண்டார். திருட்டு என்று எழுதினால் கைரேகை, மோப்ப நாய், நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். துப்பாக்கியோ திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

பணிநிறைவு எஸ்.ஐ. | திங்கள், இரவு 10.40

தறிக்காரர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கிறார், ஆனால் அது மிகவும் ஆபத்தான யோசனை. இணையதளத்தில் எடுக்கும் சான்று, தொலைந்துபோன ஆவணங்களுக்கு மட்டுமே உரியது. ஓட்டுநர் உரிமம் தொலைவதும் துப்பாக்கி போவதும் ஒன்றல்ல.

நான் காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் மனநிலையையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி திருட்டு என்று வழக்குப் பதிவானால் அன்று மாலையே மேலதிகாரிகளுக்கு விவரம் போக வேண்டும். ஆயுதம் கிடைக்கும் வரை ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் அந்த வழக்கைப் பற்றிக் கேள்வி வரும். எழுதத் தயங்குவதற்கு அது ஒரு காரணம். உண்மையான சந்தேகமும் இருக்கிறது. உரிமக்காரரே வேட்டைக்கு இரவல் கொடுத்துவிட்டு, அங்கே ஏதாவது விபரீதம் நடந்ததும் ‘திருடு போய்விட்டது’ என்று ஓடி வந்ததை என் பணிக்காலத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கடனுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டு வந்து நின்றவரும் உண்டு. எனவே ‘யாருக்குக் கொடுத்தீர்கள்’ என்ற கேள்வியை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். ஆனால் கேட்டதோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து பின்கதவைப் பார்த்திருப்பேன். அவர் வந்து பார்க்காதது தவறு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

நகை இருக்கத் துப்பாக்கி மட்டும் போனது உங்கள் மீதான சந்தேகத்துக்குக் காரணமாவதைப் போலவே உங்களுக்குச் சாதகமாகவும் நிற்கும். வந்தவன் துப்பாக்கிக்காகவே வந்திருக்கிறான்; அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும், நீங்கள் எந்த நாளில் ஊரில் இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடந்த ஓராண்டில் அந்த அறைக்குள் வந்து போனவர்களின் பெயர்களை இன்றிரவே உட்கார்ந்து எழுதுங்கள். மின் வேலைக்கு வந்தவர், வெள்ளையடித்தவர், வாழைத்தார் வெட்ட வந்து தண்ணீர் கேட்டவர் என்று யாரையும் விட வேண்டாம்.

அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டீர்களா?

மேட்டுக்காட்டார் | திங்கள், இரவு 11.05

மனைவி ஞாயிறு காலையிலேயே கூட்டிவிட்டாள், ஐயா. உடைந்த பூட்டை மட்டும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். கதவை இன்னும் சரி செய்யவில்லை, கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறோம்.

வழக்காடி | செவ்வாய், காலை 6.30

நான் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். நாளை என்றில்லாமல் இன்று காலையிலேயே எழுத்துப் புகாரோடு செல்லுங்கள்.

‘காணவில்லை’ என்ற சொல்லை ஏன் எழுதக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவதாக, வீட்டுக் கதவு உடைக்கப்பட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வழியில் தவறிவிட்டது என்று எழுதினால் அது அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாகும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 217 உங்கள் மீதே திரும்பலாம். அடுத்ததாக, நாளை அந்தத் துப்பாக்கியால் யாராவது சுடப்பட்டால், திருட்டு நடந்ததற்கு எந்தப் பதிவும் இருக்காது, உங்கள் கையெழுத்தில் இருக்கும் ஒரே தாள் உங்கள் கவனக்குறைவுக்கு நீங்களே எழுதிய ஒப்புதலாக இருக்கும். துப்பாக்கியை வழியில் தவறவிட்டேன் என்பது உரிமத்தை ரத்து செய்வதற்குப் போதுமான காரணமும்கூட.

திருட்டு என்று எழுதினால் நிலைமை வேறு. குடியிருக்கும் வீட்டில் திருடுவது பிரிவு 305. ஏழு ஆண்டு வரை தண்டனை. திருடுவதற்காகக் கதவை உடைத்து நுழைவது பிரிவு 331. பகலில் நடந்திருந்தால் பத்து ஆண்டு வரை, இரவில் என்றால் பதினான்கு வரை. இவை அனைத்தும் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றங்கள். இத்தகைய குற்றத்தைப் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை என்ற ஒன்று இருக்கிறதே என்று நிலையத்தில் சொல்லக்கூடும். அது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான், அதுவும் துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடுதான். உங்கள் வழக்குக்கு அது பொருந்தாது.

அவர்கள் தர முன்வந்த ரசீது சி.எஸ்.ஆர். எனப்படுவது. மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அதை வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அது முதல் தகவல் அறிக்கை அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள்.

தாமதத்தை மறைக்க வேண்டாம். துப்பாக்கி திருடுபோனாலோ தொலைந்தாலோ உடனே அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனைகளில் ஒன்று. நிபந்தனையை மீறினால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப் பிரிவு 30இன்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சனிக்கிழமை மாலை கண்டதாகவும், உறவினர்களோடு தேடியதாகவும், திங்களன்று காலை வந்ததாகவும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இன்று காலையில்தான் பார்த்தேன் என்று ஒரு வரி மாற்றி எழுதிவிட்டு, பிறகு ஞாயிறன்று நீங்கள் விசாரித்த பத்துப் பேரில் ஒருவர் அதைக் காவல்துறையிடம் சொன்னால் உங்கள் புகார் முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

பணிநிறைவு எஸ்.ஐ. | செவ்வாய், காலை 7.10

வழக்கறிஞர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். புகாரில் துப்பாக்கியின் எண், தயாரிப்பு, போர், உரிம எண், ஆயுத உரிமங்களின் தேசியத் தரவுத்தளத்தில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட தனி அடையாள எண், உரிமம் எந்தத் தேதி வரை செல்லும் என்பவை எல்லாம் இருக்கட்டும். எண்ணை நினைவிலிருந்து எழுத வேண்டாம், உரிமப் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். ஓர் இலக்கம் பிசகினாலும், நாளை வேறு மாவட்டத்தில் துப்பாக்கி பிடிபடும்போது அது உங்களுடையது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

தோட்டாக் கணக்கைக் கட்டாயம் கேட்பார்கள். கடைக்காரர் விற்ற எண்ணிக்கையைப் புத்தகத்தில் பதிந்திருப்பார். வாங்கியது எத்தனை?

மேட்டுக்காட்டார் | செவ்வாய், காலை 7.25

கடைசியாக 25 வாங்கியிருக்கிறேன். 14 திருடுபோனது என்றால் மீதி 11 வெடித்தவை. ஒரு பிஸ்கட் டின்னில் எட்டுக் காலித் தோட்டாக்கள் கிடக்கின்றன. மூன்று இல்லை, வாழைக்குள் இருட்டில் விழுந்தவையாக இருக்கும்.

பணிநிறைவு எஸ்.ஐ. | செவ்வாய், காலை 7.30

எட்டு என்றே சொல்லுங்கள். பதினொன்றும் இருப்பதாகச் சொல்லிவிட்டு எட்டைக் காட்டுவதைவிட அது மேல்.

டாலஸ்வாசி | செவ்வாய், காலை 8.15

ஊரை விட்டு வந்து நீண்ட காலம் ஆகிவிட்டது, டெக்சஸில் இருக்கிறேன். இங்கே துப்பாக்கிக் கடைக்காரர்கள் திருட்டை 48 மணி நேரத்துக்குள் கூட்டாட்சி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தனி நபர்கள் தெரிவித்தே ஆக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. பலர் எண்ணைக்கூட எழுதி வைத்திருப்பதில்லை. எண் இல்லாவிட்டால் திருடுபோன துப்பாக்கிகளின் தேசியப் பட்டியலில் ஏற்ற முடியாது. என் பக்கத்து வீட்டுக்காரர் காரிலிருந்து துப்பாக்கியைப் பறிகொடுத்துவிட்டு, பழைய ரசீதைத் தேடி இரண்டு நாள் வீட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த வகையில் உரிமப் புத்தகம் கையில் இருக்கும் நீங்கள் மேலான நிலையில் இருக்கிறீர்கள்.

மலைத்தோட்டம் | செவ்வாய், காலை 10.50

நீலகிரியில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன், என்னிடமும் இரட்டைக் குழல்தான். மேட்டுக்காட்டார் அவர்களிடம் ஒரு கேள்வி. துப்பாக்கி முழுதாக மாட்டிய நிலையில் அலமாரியில் இருந்ததா, கழற்றி வைத்திருந்தீர்களா? நாங்கள் குழல் தனி, பின்கட்டை தனி, குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் முன்கட்டை தனி என்று மூன்றாகக் கழற்றித்தான் வைப்பது. அந்த முன்கட்டை சாண் நீளம்கூட இருக்காது. ஆனால் அதை மாட்டாவிட்டால் குழல் இறுக்கமாக நிற்காது, தோட்டா போட மடக்கும்போது கையோடு கழன்று வரும்.

மேட்டுக்காட்டார் | செவ்வாய், மதியம் 1.40

நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. காவல் நிலைய வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கைபேசியில் இதைப் படித்துவிட்டு மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்பா அந்த முன்கட்டையை எப்போதும் நிலப் பத்திரங்கள் இருக்கும் தகரப் பெட்டியில் துணி சுற்றி வைப்பார்; நானும் ஏன் என்று யோசிக்காமல் அப்படியே தொடர்ந்து வைத்துவந்தேன். அவள் போய்ப் பார்த்தாள், பத்திரமாக இருக்கிறது. உள்பக்க இரும்பில் ஓர் எண் வெட்டியிருப்பதாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கின்றன.

ஆய்வாளர் வெளியே சென்றிருப்பதாகச் சொல்லி என்னைக் காத்திருக்க வைத்திருக்கிறார்கள்.

வழக்காடி | செவ்வாய், மதியம் 2.05

இதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது. துப்பாக்கியை விற்றவரோ இரவல் கொடுத்தவரோ அதைப் பயன்படுத்தத் தேவையான பாகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்க மாட்டார். இந்த விவரத்தைப் புகாரின் இறுதியில் ஒரு பத்தியாகச் சேர்த்து எழுதுங்கள். ஆனால் அந்தக் கட்டையை நீங்களே எடுத்துச் சென்று மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து, சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (கைப்பற்றும் பொருளைப் பற்றிய பதிவு) எழுதிக் கைப்பற்ற வேண்டும். உரிமப் புத்தகத்தைக் கேட்டாலும் நகல் எடுத்துக்கொண்ட பிறகு, எழுத்துமூலமான ஒப்புகையோடு மட்டுமே கொடுங்கள்.

மேட்டுக்காட்டார் | செவ்வாய், இரவு 8.30

மாலை ஐந்து மணிக்கு மனுவை வாங்கிக்கொண்டார்கள். சி.எஸ்.ஆர். ரசீதுதான் தந்தார்கள். அதில் பொருள் என்ற இடத்தில் ‘துப்பாக்கி காணாமல் போனது தொடர்பாக’ என்று எழுதியிருக்கிறார்கள். என் மனுவில் திருட்டு என்றுதானே இருக்கிறது என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதானுங்க, விசாரிச்சுட்டுப் போடுவோம்” என்றார் எழுத்தர். முன்கட்டையின் படத்தை உதவி ஆய்வாளரிடம் காட்டினேன். சிறிது நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். “இதை நேத்தே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். நேற்று என்னைப் பார்த்த பார்வைக்கும் இன்று பார்த்ததற்கும் வேறுபாடு இருந்தது என்றே நினைக்கிறேன்.

தறிக்காரர் | செவ்வாய், இரவு 9.00

நான் நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், அண்ணா. அவர்களும் அதே சொல்லைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கும் புரிகிறது.

வழக்காடி | செவ்வாய், இரவு 9.20

இரண்டும் ஒன்றல்ல. நாளை புதன்கிழமை, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு பெறும் நாள். இன்றைய மனுவின் நகலையும் சி.எஸ்.ஆர். நகலையும் இணைத்து, சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173, உட்பிரிவு 4இன்படி மனு கொடுங்கள். அதே மனுவைப் பதிவு அஞ்சலிலும் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனு போடலாம், ஆனால் கண்காணிப்பாளரைத் தாண்டி நேராக அங்கே போக முடியாது. உங்கள் மனுவில் உதவி ஆய்வாளரைப் பற்றிக் குறை எதுவும் எழுத வேண்டாம். ஆயுதமும் 14 தோட்டாக்களும் அறியாதவர் கையில் இருக்கின்றன, வழக்குப் பதியப்படவில்லை, இந்த இரண்டு செய்திகளே போதும்.

பணிநிறைவு எஸ்.ஐ. | செவ்வாய், இரவு 9.45

இன்னொன்று. உரிமம் வழங்கிய மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். காவல் நிலையம் தெரிவிக்கும், ஆட்சியர் அலுவலகத்துக்குத் தானாகவே தெரிந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம். தானாகப் போகும் கடிதத்தில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது.

மேட்டுக்காட்டார் | வெள்ளி, இரவு 7.15

இன்று காலை முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டது. பிரிவுகள் 331, உட்பிரிவு 3, மற்றும் 305. நகலை இலவசமாகவே கொடுத்தார்கள். புதன்கிழமை கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுவைப் படித்த அதிகாரி கேட்ட ஒரே கேள்வி, “எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?” என்பதுதான். நேற்று மாலை உதவி ஆய்வாளரே இரண்டு காவலர்களோடு வந்தார். கைரேகைப் பிரிவினர் அலமாரிக் கதவில் பொடி தூவிப் பார்த்துவிட்டு, கூட்டித் துடைத்த இடத்தில் பெரிதாக எதுவும் தேறாது என்றார்கள். பையில் இருந்த பூட்டை வாங்கிக்கொண்டார்கள். முன்கட்டைக்குக் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் மகஜர் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, உதவி ஆய்வாளர் அந்தக் கட்டையை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவரைப் போல மெல்ல ஆட்டிக்கொண்டு, “உங்க அப்பா விவரமான ஆளுங்க” என்றார். மனைவி காப்பி கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனார்கள்.

அறைக்குள் வந்து போனவர்கள் பட்டியலில் பதினேழு பேர் தேறினார்கள். அதில் என் பெரியப்பா மகன் பெயரையும் எழுத வேண்டியிருந்தது.

பணிநிறைவு எஸ்.ஐ. | வெள்ளி, இரவு 8.00

எழுதியது சரி. விட்டிருந்தால் அவர்கள் அதைத்தான் முதலில் கவனித்திருப்பார்கள்.

மேட்டுக்காட்டார் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.10

துப்பாக்கி இன்னும் கிடைக்கவில்லை. பட்டியலில் இருந்தவர்களில் பதின்மூன்று பேரை விசாரித்திருக்கிறார்கள். பெரியப்பா வீட்டில் என்னோடு பேசுவதில்லை.

ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு ஒன்று வந்திருக்கிறது. ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கத் தவறியதற்காக ஆயுதச் சட்டப் பிரிவு 17இன்கீழ் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மர அலமாரி, சாதாரணப் பூட்டு. இதை எப்படி நியாயப்படுத்துவது என்று தெரியவில்லை.

வழக்காடி | ஞாயிறு, இரவு 7.30

நியாயப்படுத்த வேண்டாம். பூட்டிய வீடு, பூட்டிய அலமாரி, கழற்றித் தனியே வைத்த பாகம் ஆகிய மூன்றையும் முதல் தகவல் அறிக்கை நகலோடும் மகஜர் நகலோடும் சேர்த்து எழுதுங்கள். இரும்புப் பெட்டகம் வாங்கிச் சுவரில் பதித்துவிட்டு, அதன் ரசீதையும் படத்தையும் இணையுங்கள். ரத்து செய்தாலும் மேல்முறையீடு உண்டு. விளக்கத்தின் வரைவை இங்கே போடுங்கள், அனுப்புவதற்கு முன் பார்த்துத் தருகிறேன். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது காவல்துறையின் கடமை. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மேட்டுக்காட்டார் | ஞாயிறு, இரவு 9.50

நன்றி ஐயா. பெட்டகத்துக்கு நாளை சொல்லிவிடுகிறேன். வைப்பதற்குத் துப்பாக்கி இல்லாதபோது எதற்கு என்று மனைவி கேட்கிறாள். இன்றிரவும் பன்றிகள் இறங்கியிருக்கின்றன. தகர டின்னைத் தட்டிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.